ஜமுனாவின் அடிமணலை எந்தச் செயற்கைக்கோளும் பார்ப்பதில்லை

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் செய்திகளில் தினமும் ஒரு எண் வரும். மேட்டூர் அணைக்கு நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டதுமே ஆற்றின் தோற்றம் கண்முன் வந்துவிடும். பத்தாயிரம் என்றால் ஒரு முகம், ஒரு லட்சம் என்றால் வேறு முகம். அந்த எண்ணை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள், அதில் பிழை எவ்வளவு என்று நான் கேட்கத் தொடங்கியது நீரியல் படிக்கப் போன பிறகுதான். கேட்கத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை.

இப்போது அதே எண்ணைப் பூமிக்கு மேலே 890 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சொல்ல முயல்கிறார்கள். நாசாவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமான சிஎன்இஎஸ்ஸும் சேர்ந்து 2022 டிசம்பர் 16 அன்று ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள், உலகின் பெரிய ஆறுகள் எல்லாவற்றின் நீர்மட்டத்தையும் படமாகவே எடுத்துத் தருகிறது. கனடாவும் பிரிட்டனும் அதில் பங்காளிகள். அதன் தரவை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நீரோட்டத் தரவு கோப்புகளுக்குள் பூட்டிக் கிடக்கும் ஒரு துணைக்கண்டத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஓர் ஆற்றின் தரவு கேட்டு விண்ணப்பம் எழுதிக் காத்திருந்த எவருக்கும் தெரியும். நானும் எழுதியிருக்கிறேன், காத்திருந்திருக்கிறேன்.

அந்தத் தரவை மதிப்பதால்தான் அதன் பிழைகளைப் பற்றி எழுதுகிறேன். செயற்கைக்கோள் நன்றாகப் பார்ப்பது எது, பார்க்காமலே சொல்வது எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளாவிட்டால், நாளை இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நாடுகள் சண்டை போடும்.

எடுத்துக்காட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஆறு பிரம்மபுத்திரா. அதிலும், அசாமைத் தாண்டி வங்கதேசத்துக்குள் நுழைந்து ஜமுனா என்று பெயர் பெறும் பகுதி. அங்கே பகதூராபாத் என்ற இடத்தில் நெடுங்கால அளவீட்டு நிலையம் ஒன்று இருக்கிறது. ஆண்டுச் சராசரி ஓட்டம் வினாடிக்குச் சுமார் 20,000 கன மீட்டர், நம் கணக்கில் ஏழு லட்சம் கன அடி. 1998 பெருவெள்ளத்தில் அது சுமார் ஒரு லட்சம் கன மீட்டரைத் தொட்டது. அதாவது 35 லட்சம் கன அடி. மேட்டூர்க் கணக்கில் பழகிய மனம் இந்த எண்ணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் திகைத்து நிற்கும்.

தரையில் எப்படி அளக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலத்தூணிலோ கரையிலோ கோடு போட்ட அளவுகோல் இருக்கும். ஒருவர் வேளை தவறாமல் அதில் நீர்மட்டத்தைப் பார்த்துக் குறித்துவைப்பார். இப்போது பல இடங்களில் தானியங்கிக் கருவி அதைச் செய்கிறது. ஓட்டத்தை அளப்பது அதைவிடப் பெரிய வேலை. படகில் ஆற்றைக் குறுக்காகக் கடந்து, அங்கங்கே நிறுத்தி, ஆழம் பார்த்து, வேகமானியை இறக்கி, தண்ணீர் ஓடும் வேகத்தைக் குறிக்க வேண்டும். ஒலியலையை அடிவரை அனுப்பி ஆழத்தையும் வேகத்தையும் ஒருசேர எடுக்கும் கருவியும் உண்டு. ஒவ்வொரு துண்டின் பரப்பையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் அந்த நாளின் ஓட்டம் கிடைக்கும். வெள்ளம் போகும் ஆற்றில் அப்படி ஒரு படகில் உட்கார்ந்திருக்கிறேன். மீன் வடிவ எடைக்குண்டைக் கட்டி இறக்கியும் கம்பி செங்குத்தாக நிற்கவில்லை, ஓட்டத்தோடு சாய்ந்துகொண்டே போனது. மிதந்து வரும் மரங்களைப் பார்த்துப் படகோட்டி குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். அன்று முதல் கன அடி என்று எங்கே படித்தாலும் அந்தக் கம்பி நினைவுக்கு வரும்.

இந்த வேலையைத் தினமும் செய்ய முடியாது. ஆகவே வெவ்வேறு மட்டங்களில் அளந்து, இந்த மட்டத்துக்கு இந்த ஓட்டம் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்கிறார்கள். மற்ற நாட்களில் மட்டத்தை மட்டும் பார்த்து, வளைகோட்டிலிருந்து ஓட்டத்தைப் படிக்கிறார்கள். தரையில் வரும் தினசரி எண்ணும் பெரும்பாலும் மட்டத்திலிருந்து ஊகித்ததுதான். நல்ல நிலையத்தில்கூட ஐந்து முதல் பத்து விழுக்காடு பிழை இயல்பு, பெருவெள்ளத்தில் இன்னும் அதிகம். செயற்கைக்கோளைக் குறை சொல்லும்போது இதை மறக்கக் கூடாது.

விண்ணிலிருந்து அளக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய மூன்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் வங்கதேச எல்லைக்கு வெளியே கிடக்கிறது. மேலே பெய்த மழை எல்லையைத் தாண்டி வெள்ளமாக வந்து நிற்கும். இந்தியாவில் கிருஷ்ணா, கோதாவரி, காவிரி நிலையங்களின் தரவு பொதுவெளியில் கிடைக்கிறது. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து படுகைகளின் ஓட்டத் தரவு அப்படிக் கிடைக்காது. வெள்ளக் காலத்தில் சில நிலையங்களின் வெள்ளத் தரவை மட்டும் இந்தியா வங்கதேசத்துக்குத் தருகிறது. அதற்கும் மேலே திபெத்தில் நுகேஷா, யாங்சுன், நுக்ஸியா என்ற மூன்று நிலையங்களின் வெள்ளக்காலத் தரவை இந்தியாவுக்குத் தர 2002-இல் சீனாவோடு உடன்பாடு ஏற்பட்டது. 2017-இல், டோக்லாமில் இரு படைகளும் எதிரெதிரே நின்ற பருவத்தில், அந்தத் தரவு வரவில்லை. நிலையங்களைப் புதுப்பிக்கிறோம் என்பது சீனா சொன்ன காரணம். காரணம் எதுவாக இருந்தாலும், கீழே இருப்பவனுக்கு அந்த ஆண்டு மேலே நடப்பது தெரியவில்லை.

இது நம் பக்கத்துக் கதை மட்டும் இல்லை. ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் 1988 முதல் இயங்கும் உலக நீரோட்டத் தரவு மையத்துக்குத் தரவு அனுப்பும் நிலையங்களின் எண்ணிக்கை 1980-களுக்குப் பிறகு சரிந்துகொண்டே வந்திருக்கிறது. பணமில்லாமல் மூடியவை உண்டு, போரில் போனவை உண்டு, அளந்தும் தராதவை உண்டு.

கடல்மட்டத்தை அளக்க 1992 ஆகஸ்டில் ஏவிய டோபெக்ஸ்-பொசைடன் செயற்கைக்கோளின் தடம் ஆறுகளையும் குறுக்காகக் கடந்தது. ரேடார் துடிப்பு கீழே போய் மேலே வர ஆகும் நேரத்திலிருந்து நீர்மட்டம் கிடைக்கும். தடம் ஆற்றைக் கடக்கும் அந்த ஓர் இடம், பத்து நாளைக்கு ஒருமுறை பார்க்கும் அளவுகோலாக ஆனது. பிறகு ஈஆர்எஸ், என்விசாட், ஜேசன் வரிசை என்று வந்தன. 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ஏற்றிச் சென்ற, இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து செய்த சரள் செயற்கைக்கோளும் அந்த வரிசையில் ஒன்று.

ஃபாப்ரிஸ் பாப்பாவும் சக ஆய்வாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, 1993 முதல் 2008 வரை கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த நீரை இப்படி விண்ணிலிருந்து எடுத்த மட்டங்களைக் கொண்டு கணித்தது. தினசரி ஓட்டத்தில் பிழை, பிரம்மபுத்திராவில் டோபெக்ஸைப் பயன்படுத்தியபோது சுமார் 15 விழுக்காடு. கங்கையில் ஈஆர்எஸ்-2 வழியாகக் கணித்தபோது சுமார் 36 விழுக்காடு. இரண்டு ஆறுகளையும் சேர்த்து மாதக் கணக்காகப் பார்த்தால் சுமார் 17. ஒரே முறை, ஒரே ஆய்வாளர்கள், ஆனால் ஆறும் கருவியும் மாறியதும் பிழை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. செயற்கைக்கோள் அளவின் துல்லியம் இவ்வளவு என்று யாராவது ஒற்றை எண் சொன்னால் நான் நம்புவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் மட்டத்தை ஓட்டமாக மாற்றிய வளைகோடு, பகதூராபாத்திலும், வங்கதேசத்தில் கங்கையின்மேல் நிற்கும் ஹார்டிங் பாலத்திலும் படகிலேறி அளந்தவர்களின் எண்களிலிருந்து வந்தது. விண்கருவி தந்தது உயரம். அந்த உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொன்னது தரை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபைசல் ஹொசைன் குழு ஜேசன்-2 தரவை வைத்து வங்கதேசத்துக்கு எட்டு நாள் முன்கூட்டிய வெள்ளக் கணிப்புச் செய்து காட்டியதிலும் எனக்குப் பிடித்தது இதுதான். இந்தியப் பகுதியில் மேலே மட்டம் ஏறுகிறதா என்பதை விண்ணிலிருந்து பார்த்தார்கள், கீழே எவ்வளவு வரும் என்பதை வங்கதேசத்தின் சொந்தக் கணினி மாதிரியையும் அளவுகளையும் கொண்டு சொன்னார்கள். எதை எதனிடம் கேட்க வேண்டும் என்ற தெளிவு அதில் இருந்தது.

ஸ்வாட் இந்த நிலையை மாற்றப் பார்க்கிறது. பத்து மீட்டர் நீளத் தண்டின் இரு முனைகளிலும் இரண்டு ஆன்டெனாக்கள். ஒன்று அனுப்பிய அலை நீரில் பட்டுத் திரும்பும்போது இரண்டும் வாங்குகின்றன. இரண்டுக்கும் அலை நூலிழை முன்பின்னாக வந்து சேரும், அந்த நுட்பமான கட்ட வேறுபாட்டிலிருந்து அந்தப் புள்ளியின் உயரம் கணக்காகிறது. தடத்துக்கு இருபுறமும் 50 கிலோமீட்டர் அகலப் பட்டை. நூறு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளை அதில் பார்க்கலாம். 21 நாளைக்கு ஒரு சுற்று. ஒரு தடம் ஆற்றைக் கடக்கும் ஒற்றைப் புள்ளிக்குப் பதிலாக, ஆற்றின் நீளம் முழுவதும் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன: நீர்மட்டம், அகலம், நீர்ப்பரப்பின் வாட்டம். இந்த மூன்றாவதுதான் புதுமை. ஓர் ஆறு கிலோமீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதை முழு ஆற்றுக்கும் இப்படி இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

மட்டம், அகலம், வாட்டம் மூன்றும் தெரிந்தால் ஓட்டத்தைக் கணித்துவிடலாம் என்று தோன்றும். ராபர்ட் மானிங் என்ற ஐரிஷ் பொறியாளர் 1889-இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் வாய்க்கால் வெட்டுபவர்களின் கையில் இருக்கிறது. அதன்படி, ஓட்டத்தின் வேகம் ஆழத்தோடும் வாட்டத்தோடும் கூடும், அடியின் சொரசொரப்போடு குறையும். ஆக நமக்குத் தேவை ஐந்து: மட்டம், அகலம், வாட்டம், ஆழம், சொரசொரப்பு. செயற்கைக்கோள் தருவது முதல் மூன்று. மிச்சம் இரண்டும் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. எட்டு மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடார் அலை நீரின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஜமுனாவின் கிளை ஒன்று ஆயிரம் மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் ஆழம், கிலோமீட்டருக்கு ஏழு சென்டிமீட்டர் வாட்டம் என்று வைத்துக்கொள்வோம். சொரசொரப்புக் கெழு 0.03. மானிங் சூத்திரத்தில் போட்டால் வினாடிக்குச் சுமார் 4,080 கன மீட்டர், அதாவது 1.44 லட்சம் கன அடி வருகிறது. இதில் நீர்மட்டத்தைப் பத்து சென்டிமீட்டர் தவறாகப் பார்த்தால் ஓட்டத்தில் வரும் பிழை மூன்று விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். ஸ்வாட்டுக்கு வகுத்த இலக்கே ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பத்து சென்டிமீட்டர்தான், ஆகவே இது பெரிய கவலை இல்லை. வாட்டத்துக்கான இலக்கு, பத்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சராசரி எடுத்தால் கிலோமீட்டருக்கு 1.7 சென்டிமீட்டர் பிழைக்குள் இருப்பது. ஏழில் 1.7 என்பது கால்வாசி. ஆனால் ஓட்டம் வாட்டத்தின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றுகிறது, அதனால் பிழை 12 விழுக்காட்டோடு நிற்கும். அமேசானின் கீழ்ப்பகுதிபோலக் கிலோமீட்டருக்கு ஓரிரு சென்டிமீட்டரே இறங்கும் ஆற்றில் இதே 1.7 எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அங்கே இன்னும் நீண்ட தூரத்துக்குச் சராசரி எடுத்தாக வேண்டும்.

இப்போது ஆற்றின் அடித்தரைக்கு வருவோம். ஆழம் ஐந்து மீட்டர் என்று நினைத்தது உண்மையில் நான்காக இருந்தால் ஓட்டம் ஒரு லட்சம் கன அடிக்குச் சற்றுக் கீழே. ஆறாக இருந்தால் 1.95 லட்சம். மேலே நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அகலமும் வாட்டமும் அப்படியே. அடியில் ஒரு மீட்டர் மணல் கூடியதா குறைந்ததா என்பது மட்டுமே மாறியது. சொரசொரப்பு இன்னொரு பக்கம். 0.025 என்று வைப்பதற்கும் 0.035 என்று வைப்பதற்கும் ஓட்டத்தில் 40 விழுக்காடு வேறுபாடு, இரண்டுமே மணல் ஆற்றுக்கு நியாயமான மதிப்புகள்தான். ஆழம் கூடவும் சொரசொரப்பு கூடவும் இருந்தாலும், இரண்டுமே குறைவாக இருந்தாலும், ஓட்டம் ஒன்றாகவே வரலாம். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இரண்டு ஆறுகளும் ஒரே ஆறு.

இதிலிருந்து வெளியேற ஆய்வாளர்கள் ஓர் அழகான வழி கண்டார்கள். கிளையாறு சேராத, பிரியாத ஒரு நீட்டத்தில் அடுத்தடுத்த துண்டுகளின் ஓட்டம் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் எல்லாத் துண்டுகளிலும் இந்தச் சமநிலை பொருந்துமாறு ஆழத்தையும் சொரசொரப்பையும் தேடிப் பிடிக்கலாம். இந்த எண்ணத்தில்தான் இன்றைய வழிமுறைகள் பல நிற்கின்றன. படித்தபோது எனக்கும் உற்சாகமாக இருந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஓட்டை தெரியும். எல்லாத் துண்டுகளின் சொரசொரப்பையும் பாதியாக்கினால் எல்லாத் துண்டுகளின் ஓட்டமும் இரட்டிப்பாகும், சமநிலை அப்படியே இருக்கும். ஒரு துண்டைவிட இன்னொன்று எப்படி என்பதை இந்த வழி சொல்லும். மொத்தத்தில் ஒரு லட்சமா இரண்டு லட்சமா என்பதைச் சொல்லாது. நீர் ஏறும்போது துண்டுக்குள் தேங்கும் கொள்ளளவிலிருந்து கொஞ்சம் தடயம் கிடைக்கும், ஆனால் பல நாளுக்கு ஒருமுறை பார்க்கும் கருவிக்கு அது மிகவும் மங்கலான தடயம்.

அந்த மொத்த அளவு அப்படியானால் எங்கிருந்து வருகிறது? உலகளாவிய நீரியல் மாதிரி ஒன்றிலிருந்து. மழை, ஆவியாதல், மண் எல்லாவற்றையும் கணக்கிட்டு இந்த ஆற்றின் ஆண்டுச் சராசரி இவ்வளவு இருக்கலாம் என்று அது தரும் முன்கணிப்பை ஆரம்பமாக வைத்துத்தான் தேடல் தொடங்குகிறது. அந்த மாதிரியைத் திருத்தியவை எங்கோ ஒரு தரை நிலையத்தின் எண்கள். சுற்றி வந்தாலும் படகிலேறியவரிடம்தான் வந்து நிற்கிறோம். ஸ்வாட் அணி இதை மறைக்கவில்லை. தரை நிலையத் தரவைச் சேர்த்த ஓட்டம், சேர்க்காத ஓட்டம் என்று இரண்டாகவே தருகிறது. பயன்படுத்துகிறவர்கள்தான் பல நேரம் அந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏவுவதற்கு முன்பே, 2016-இல், மைக்கேல் டுராண்டும் பலரும் சேர்ந்து 19 ஆறுகளில் இந்த வழிமுறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பின்னலாகப் பிரியாத 16 ஆறுகளில் 14-இல், ஏதாவது ஒரு வழிமுறையாவது 35 விழுக்காட்டுப் பிழைக்குள் வந்தது. எந்த வழிமுறையும் எல்லா ஆற்றிலும் சிறந்ததாக இல்லை. பின்னல் ஆறுகள் அந்த 16-இல் சேரவில்லை என்பதை அடிக்கோடிட விரும்புகிறேன், ஏனென்றால் ஜமுனா உலகின் மாபெரும் பின்னல் ஆறுகளில் ஒன்று.

ஜமுனாவின் நடத்தையே தனி. நீர் வடிந்த மாதங்களில் மணல் திட்டுகளுக்கு நடுவே பல கால்களாகப் பிரிந்து ஓடும், வெள்ளத்தில் திட்டுகளை மூழ்கடித்து ஒரே பரப்பாகும். வடிந்து பார்த்தால் திட்டுகள் பழைய இடத்தில் இருக்காது. அந்தத் திட்டுகளில் குடியிருப்பவர்கள் வீட்டைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு அடுத்த திட்டுக்குப் போகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் எட்டு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியிருந்த ஆற்றின் சராசரி அகலம், பிறகு பதினொன்றைத் தாண்டிவிட்டது. 1950 ஆகஸ்ட் 15 அன்று அசாமைக் குலுக்கிய நிலநடுக்கம் மலைச்சரிவுகளை ஆற்றுக்குள் தள்ளியது. அந்த மண் பல பத்தாண்டுகளாகக் கீழே நகர்ந்துகொண்டு வந்தது. அகலம் கூடியதற்கு இதைக் காரணமாகக் காட்டும் ஆய்வாளர்கள் உண்டு. ஒருமுறை ஆழம் அளந்து வைத்துக்கொண்டு அதையே பல ஆண்டுகள் பயன்படுத்த ஜமுனா விடாது.

அடியில் கிடக்கும் மணலும் அலைகளாகவே நகர்கிறது. ஆள் உயரத்தை மீறும் மணல் அலைகள் ஜமுனாவில் உண்டு. ஓட்டம் மிக வலுக்கும்போது அவை தட்டையாகலாம், அப்போது சொரசொரப்பு இறங்கும். அதாவது வெள்ளம் உச்சத்துக்குப் போகும்போது, நாம் மாறாதது என்று வைத்த எண்ணும் சேர்ந்து மாறுகிறது, அதுவும் ஓட்டத்தைக் குறைத்துக் காட்டும் திசையில். வெள்ள முன்னறிவிப்புக்கு இதைவிடக் கெட்ட திசை கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறும் வெள்ளத்துக்கும் இறங்கும் வெள்ளத்துக்கும் மட்டம் ஒன்றாக இருந்தாலும் ஓட்டம் ஒன்றாக இருக்காது. ஏறும்போது முன்பக்கம் வாட்டம் கூடுதல், அதனால் ஓட்டம் கூடுதல். இங்கே மட்டும் ஸ்வாட் தரை அளவுகோலை மிஞ்சுகிறது. ஒற்றை அளவுகோலுக்கு வாட்டம் தெரியாது, ஸ்வாட்டுக்குத் தெரியும்.

அகலத்தை அளப்பதும் எளிது என்று நினைக்க வேண்டாம். ஸ்வாட் ஏறக்குறைய நேர் கீழே, நான்கு பாகைக்குள் சாய்ந்து பார்க்கிறது. அந்தக் கோணத்தில் நீர் பளிச்சென்று தெரியும். ஈரமணலும் பளிச்சென்று தெரியும். வெள்ளம் வடிந்த மறுவாரம் திட்டின் ஈர ஓரம் எது, ஆழமில்லாத நீர் எது என்று ரேடார் தடுமாறும். இதற்கு நேர்மாறாக, காற்றே இல்லாத நேரத்தில் நீர் கண்ணாடியாகிவிட்டால் அலை வேறு பக்கம் தெறித்துப் போய், ஆறு இருக்கும் இடம் இருட்டாகத் தெரியும்.

கருவியின் பிழைகளை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம், அவற்றைக் கவனித்துக்கொள்ளப் பெரிய பொறியியல் அணியே இருக்கிறது. அந்தப் பத்து மீட்டர் தண்டு ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு சாய்ந்தாலும் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நீர்மட்டம் சுமார் 24 சென்டிமீட்டர் தவறாகும். கடலின்மேல் தடங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் ஒப்பிட்டு இதைத் திருத்துகிறார்கள். காற்றிலுள்ள நீராவி அலையைத் தாமதப்படுத்தும், பருவமழைக் காலத்தில் அது முப்பது நாற்பது சென்டிமீட்டருக்குச் சமமாகலாம். கடலின்மேல் அதை அளக்கும் கருவி நிலத்தின்மேல் பயன்படாது என்பதால் வானிலை மாதிரியை நம்ப வேண்டியிருக்கிறது. கனமழை இந்த அலைவரிசையைத் தின்றுவிடும். ஈர்ப்புவிசைச் சமமட்டத்தை, அதாவது நீர் எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கும் கற்பனைப் பரப்பை, வைத்துத்தான் உயரம் சொல்கிறார்கள், அந்தச் சமமட்டத்தில் பிழை இருந்தால் வாட்டத்திலும் வரும்.

செங்குத்து மலைகளுக்கு நடுவே இன்னொரு தொல்லை. ஆற்றிலிருந்து வரும் எதிரொலியும் மலைச்சரிவிலிருந்து வருவதும் ஒரே தூரத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். திபெத்தில் யார்லுங் சாங்போ என்று பெயர் பெறும் பிரம்மபுத்திராவின் பெரிய வளைவுக்கு அருகே சீனா 2025 ஜூலையில் ராட்சத நீர்மின் திட்டத்தின் கட்டுமானத்தைத் தொடங்கியது. கீழே வாழும் எல்லோரும் பார்க்க விரும்பும் இடம் அது. பூமியின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்றும் அதுவேதான். அங்கே ஸ்வாட் நமக்குக் காவல் இருக்கும் என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது.

காலம் என்ற பிழையும் உண்டு. 21 நாள் சுற்றில் நம் அட்சரேகைகளில் ஓர் இடத்தைச் சராசரியாக இரண்டு முறை பார்க்கலாம். ஜமுனாவின் வெள்ளம் வாரக்கணக்கில் நீடிப்பது, அதனால் ஓரளவு பிடிபடும். சிறிய மலையாற்றின் வெள்ளம் இரவில் வந்து காலையில் போய்விடும். காவிரியைப் பற்றி என்னிடம் கேட்கும் நண்பர்களுக்கும் இதுவே பதில். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர். அந்தக் கணக்கு நாளுக்கு நாள் ஓடுகிறது. மாதத்தில் சில நாள் மட்டும் வந்து பார்க்கும் கண் அதற்கு உதவாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஸ்வாட் தரவைத் தினமும் திறந்து பார்க்கிறேன். காரணம், மேலே சொன்ன பிழைகளில் பல ஓரிடத்தில் நிலையாக நிற்பவை. சமமட்டப் பிழை இன்றும் நாளையும் ஒன்றே, ஒரு மாதத்தை இன்னொன்றோடு ஒப்பிடும்போது கழிந்துபோகும். பழைய கணக்கையே எடுப்போம். மட்டம் ஒரு மீட்டர் ஏறினால், ஆழம் ஐந்து என்றால் ஓட்டம் 36 விழுக்காடு கூடும். நான்கு என்றால் 45, ஆறு என்றால் 29. எது உண்மையான ஆழம் என்று தெரியாவிட்டாலும், ஆற்றின் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு அளவில் பெருகியது என்று துணிந்து சொல்லலாம். மொத்த அளவில் இரண்டு மடங்கு தடுமாறிய அதே கணக்கு, மாற்றத்தில் இவ்வளவு அடக்கமாகிறது. வெளியான முடிவுகளிலும் ஏற்ற இறக்கம் தரை அளவோடு நன்றாகவே ஒத்துப்போகிறது, மொத்த அளவுதான் ஒரேயடியாக மேலோ கீழோ நகர்ந்து நிற்கிறது. போன ஏப்ரலைவிட இந்த ஏப்ரல் வறட்சியா, மேலே ஏறத் தொடங்கிவிட்டதா என்ற கேள்விகளை விண்ணிடம் கேட்கலாம். இன்று எத்தனை கன அடி என்ற கேள்வியை விண்ணிடம் மட்டும் கேட்கக் கூடாது.

இது வெறும் தொழில்நுட்பத் தகராறு இல்லை என்பதற்குக் கங்கையே சாட்சி. 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான இந்திய-வங்கதேச உடன்பாடு, ஜனவரி முதல் மே வரை பத்து பத்து நாளாகப் பிரித்து, மேற்கு வங்கத்தில் கங்கையின் குறுக்கே நிற்கும் ஃபராக்கா அணைக்கு வரும் நீரைப் பங்கிடுகிறது. 70,000 கன அடி வரை ஆளுக்குப் பாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடையில் வங்கதேசத்துக்கு 35,000, மிச்சம் இந்தியாவுக்கு. 75,000-க்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மிச்சம் வங்கதேசத்துக்கு. விதி மாறும் அந்த இரண்டு எண்களுக்கும் இடைவெளி ஏழு விழுக்காடு. கோடையில் ஆறு மெலிந்து, ஆழம் குறைந்து, அடியைப் பற்றிய அறியாமை பெரிதாகிவிடும் மாதங்கள் அவை. பிழை பல பத்து விழுக்காடு உள்ள ஓர் எண்ணைக் காட்டி அந்த மேசையில் யாரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, ஏமாற்றவில்லை என்றும் சொல்ல முடியாது. உடன்பாட்டின் 30 ஆண்டுக் காலம் 2026 டிசம்பரில் முடிகிறது. பேச்சுவார்த்தையைச் சுற்றி விண் எண்கள் கட்டாயம் சுழலும்.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அந்த உடன்பாட்டின்படி ஃபராக்காவிலும் ஹார்டிங் பாலத்திலும் இரு நாட்டு அணிகளும் தினமும் ஓட்டத்தை அளந்து பதிவு செய்கின்றன. செயற்கைக்கோள் எந்த நாளில், எந்த நேரத்தில் மேலே கடக்கும் என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரியும். ஐந்து மாதப் பருவத்தில் ஏழு சுற்று, இடத்தைப் பொறுத்து ஏழோ பதினைந்தோ நாட்கள். அந்த நாட்களின் ஆழ வெட்டு முகத்தையும் வேகத்தையும் மட்டும் வெளியிடுங்கள். முழுத் தரவையும் திறக்கச் சொல்லவில்லை. அந்தச் சில வரிகள் கிடைத்தால், ஹார்டிங் பாலத்துக்கு மேலும் கீழும் ஸ்வாட் எடுத்த ஒவ்வொரு மட்டத்துக்கும் வாட்டத்துக்கும் அடியிலிருந்து ஒரு பிடிமானம் கிடைக்கும். அதன் பிழை எத்தனை விழுக்காடு என்பதை டாக்காவிலும் டெல்லியிலும் இருப்பவர்கள் ஒரே தாளைப் பார்த்துப் படிக்கலாம்.